சுறாத் தீவில் ஓர் இரவு

 நிகழ்வை நடத்தும் நண்பர்கள் என்னிடம் கேட்டது ஒரு பயணக் கதை. நமீபியாவில் பதினாறு நாள் நாங்களே வாகனம் ஓட்டிக்கொண்டு திரிந்தோம் என்று எங்கோ வாய்தவறிச் சொல்லிவிட்டேன், அதைப் பிடித்துக்கொண்டார்கள். சிங்கம் பார்த்தீர்களா என்று இப்போதே கேள்விப் பெட்டியில் ஒருவர் எழுதியிருப்பது தெரிகிறது. பார்த்தோம். ஆனால் இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் சிங்கத்தைப் பற்றி அல்ல. போவதற்கு முன் வழி பார்ப்பதற்காகப் படிக்கத் தொடங்கினேன், திரும்பி வந்த பிறகு ஏன் அப்படி இருந்தது என்று தெரிந்துகொள்வதற்காகப் படித்தேன். இந்த இரண்டாவது படிப்பின் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் பயணத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், போக நினைப்பவர்களுக்கு உதவும். தலைநகர் விந்தோக்கில் நான்கு சக்கர இழுவை உள்ள வாகனம் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். கூரையில் மடிப்புக் கூடாரம், பின்னால் சிறிய குளிர்பெட்டி, இரண்டு மேலதிகச் சக்கரங்கள். அங்கே நம் ஊரைப் போல இடப்பக்கம் ஓட்ட வேண்டும். பெரிய தார் வீதிகளைத் தவிர மற்றதெல்லாம் சரளை. சரளையில் எண்பதுக்கு மேல் ஓடாதே, ரயர்க் காற்றைக் குறைத்துக்கொள், சூரியன் மறைந்தபின் ஓடவே ஓடாதே என்று வாகனம் தந்தவர் மூன்று தடவை சொன்னார். இரவில் ஓடினால் காப்புறுதி கிடையாது. இந்த மூன்றாவது விதி இந்தக் கதையில் பிறகு வரும்.

எங்கள் வழி: விந்தோக்கிலிருந்து தெற்கே, பிறகு மேற்கே திரும்பி லூடெரிட்ஸ் கடற்கரை, அங்கிருந்து நமீப் பாலைவனம், ஸ்வாகொப்முண்ட், வடக்கே எலும்புக்கூட்டுக் கரையின் ஓரம், எட்டோசா காட்டுயிர்ப் பூங்கா, கடைசியாக வாட்டர்பெர்க் மலை. நாலாயிரம் கிலோமீற்றருக்குச் சற்று மேல்.

நாட்டின் பரப்பளவு சுமார் 8,25,000 சதுர கிலோமீற்றர், இலங்கையைப் போலப் பன்னிரண்டு மடங்கு. 2023 கணக்கெடுப்பின்படி சனத்தொகை 30 இலட்சத்துக்குச் சற்று அதிகம். ஆகவே எல்லாப் பயணக் கையேடுகளும் பயன்படுத்தும் சொல் "வெறுமை". முதல் இரண்டு நாள் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மணிநேரம் ஓடினால் எதிரே ஒரு வாகனம் வரும், இருவரும் கை காட்டுவோம், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலையில் என் மகள் பின் இருக்கையிலிருந்து ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, ஆக்களே இல்லையெண்டால் ஏன் ரெண்டு பக்கமும் வேலி?"

உண்மைதான். முந்நூறு கிலோமீற்றராக வீதியின் இரு பக்கமும் கம்பி வேலி வந்துகொண்டே இருந்தது. நாங்கள் காடு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது தனியார் பண்ணைகள். 2018இல் நமீபிய அரசின் புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிட்ட கணக்கின்படி, தனியுடைமையான விவசாய நிலத்தில் சுமார் 70 வீதம் வெள்ளையரிடம் இருக்கிறது. விடுதலை கிடைத்து அப்போது 28 ஆண்டுகள். இந்த வேலி எப்படி வந்தது என்பதுதான் நான் தேடிப் போன கேள்வி.

கரையிலிருந்து தொடங்குவோம். அத்திலாந்திக்கின் பெங்குவேலா நீரோட்டம் குளிரானது. அதனால் கரையில் மழை இல்லை, மூடுபனி மட்டும். பனிக்குப் பின்னால் உலகின் மிகப் பழைய பாலைவனங்களில் ஒன்று. 1486இல் போர்த்துக்கேயத் தளபதி தியோகோ காவ் இந்தக் கரையில் இறங்கிக் கல் சிலுவை ஒன்றை நட்டார். இரண்டாண்டுக்குள் பார்த்தலோமியு தியாஸ் தெற்கே ஒரு சிறு விரிகுடாவுக்கு வந்தார். யாரும் தங்கவில்லை. அவர்கள் தேடிய வழி நம்முடைய பக்கத்துக்கு, அதாவது மிளகுக்கும் கறுவாவுக்கும். மணலில் அவர்களுக்கு என்ன வேலை? அடுத்த 400 வருடம் ஐரோப்பா இந்தக் கரையைப் பெரும்பாலும் தாண்டியே போனது. அந்தச் சிலுவையை 1893இல் ஜேர்மன்காரர் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். கேப் கிராஸில் நாங்கள் பார்த்தது பிரதி. அதைச் சுற்றி பல்லாயிரம் கடல்நாய்கள், தாங்கமுடியாத நாற்றம். மூலச் சிலுவை பேர்லின் அருங்காட்சியகம் ஒன்றில் இருந்தது, 2019இல் அதைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள்.

உள்நாட்டில் வெறுமை ஒன்றும் இருக்கவில்லை. நடுவிலுள்ள புல்வெளிகளில் ஹெரேரோக்கள் மாடு மேய்த்தார்கள். தெற்கே நாமா மக்கள். வடக்கே விவசாயம் செய்த ஒவாம்போ அரசுகள். இவர்களுக்கு முன்பிருந்தே வேட்டையாடி வாழ்ந்த சான் மக்கள். மழை எங்கே பெய்ததோ அங்கே மந்தையை ஓட்டிக்கொண்டு போவதுதான் மேய்ச்சல் வாழ்க்கை. ஒரு வருடம் ஆளில்லாமல் கிடக்கும் நிலம் அடுத்த வருடத்துக்கான கையிருப்பு. வரைபடம் வரைகிறவன் கண்ணுக்கு அது உரிமையாளர் இல்லாத நிலம்.

1883இல் பிரேமன் நகரத்துப் புகையிலை வியாபாரி அடோல்ஃப் லூடெரிட்ஸ் தன் முகவரை அனுப்பினார். பெத்தானி என்ற இடத்து நாமாக்களின் தலைவர் யோசேஃப் ஃபிரெடெரிக்ஸிடமிருந்து முதலில் தியாஸ் வந்த அந்த விரிகுடா, பிறகு கரையோரமாக நீண்ட ஒரு நிலத்துண்டு, சில நூறு பவுணுக்கும் துப்பாக்கிகளுக்கும் விலைபேசப்பட்டன. இரண்டாம் ஒப்பந்தத்தில் நிலம் உள்நோக்கி 20 மைல் என்று எழுதியிருந்தது. ஃபிரெடெரிக்ஸ் அறிந்த மைல் ஆங்கில மைல், ஒன்றரைக் கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். ஒப்பந்தத்தில் இருந்தது ஜேர்மன் புவியியல் மைல், ஏழு கிலோமீற்றருக்கு மேல். 32 கிலோமீற்றர் என்று நினைத்தவர் கிட்டத்தட்ட 150 கிலோமீற்றரைக் கொடுத்துவிட்டார், அதாவது தன் மக்களின் நிலத்தில் பெரும்பகுதியை. ஆங்கில மைல் என்றே அவரை நம்பவைக்கும்படி லூடெரிட்ஸ் எழுதிய கடிதம் ஆவணமாக இருக்கிறது. 1884 ஏப்ரலில் பிஸ்மார்க் இந்த நிலத்தைத் தன் பேரரசின் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார். லூடெரிட்ஸ் கையிருப்புக் கரைந்து எல்லாவற்றையும் ஒரு கம்பனிக்கு விற்றுவிட்டு, 1886இல் தெற்குக் கடலில் சிறு படகில் போய்க் காணாமல்போனார். ஊர் இன்றும் அவர் பெயரில்.

அடுத்து வந்தது மாட்டுக் கொள்ளை நோய். 1896, 97இல் கிழக்காபிரிக்காவிலிருந்து இறங்கி வந்த அந்த நோய் ஹெரேரோ மந்தைகளில் பெரும்பகுதியை அழித்தது. ஹெரேரோவுக்கு மாடு சொத்து மட்டுமல்ல, முன்னோருடனான உறவு, சீதனம், சடங்கு எல்லாம் அதுதான். நோயைத் தடுப்பதற்கென்று ஜேர்மன் நிர்வாகம் நாட்டின் குறுக்கே காவல் நிலையங்களைப் போட்டது. அது பின்னாளில் வேலியாகி "சிவப்புக் கோடு" என்று பெயர்பெற்று இன்றும் நிற்கிறது. எட்டோசாவிலிருந்து தெற்கே வெளியேறும் வாயிலில் உங்கள் குளிர்பெட்டியைத் திறந்து பச்சை இறைச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாங்கள் வாட்டுவதற்கு வைத்திருந்த ஆட்டிறைச்சி அங்கே போய்விட்டது. மனைவிக்குக் கோபம். எனக்குப் பிறகுதான் புரிந்தது, கோட்டுக்குத் தெற்கே பெரும் பண்ணைகள், வடக்கே பொதுநிலத்தில் வாழும் ஒவாம்போ மக்கள். வடக்கத்து மாடு தெற்குச் சந்தைக்கு இலகுவில் வரமுடியாது. ஒரு நோய்க்காகப் போட்ட கோடு நாட்டை இரண்டு பொருளாதாரமாகப் பிரித்து வைத்திருக்கிறது.

மாடு செத்தபின் கடன் வந்தது. வியாபாரிகள் கடனுக்குப் பொருள் கொடுத்துவிட்டு நிலத்தையும் எஞ்சிய மாட்டையும் எடுத்தார்கள். கரையிலிருந்து ரயில்பாதை உள்ளே வந்தது. 1904 ஜனவரி 12ஆம் திகதி ஒக்கஹான்ஜா ஊரில் ஹெரேரோக்கள் எழுந்தார்கள். தலைவர் சாமுவேல் மஹரேரோ. பெண்களையும் மிஷனரிகளையும் ஆங்கிலேயரையும் போயர்களையும் தொடவேண்டாம் என்று அவர் உத்தரவிட்டிருந்தார். நூற்றுக்கு மேற்பட்ட ஜேர்மன் குடியேறிகள் கொல்லப்பட்டார்கள்.

பேர்லின் அனுப்பியவர் லோதார் ஃபொன் ட்ரோத்தா. சீனாவிலும் கிழக்காபிரிக்காவிலும் கிளர்ச்சிகளை அடக்கிய தளபதி. 1904 ஓகஸ்ட் 11ஆம் திகதி வாட்டர்பெர்க் மலையடிவாரத்தில் போர் நடந்தது. ஹெரேரோக்கள் தனியாகப் போரிட வந்திருக்கவில்லை, குடும்பங்களோடும் மந்தைகளோடும் அங்கே கூடியிருந்தார்கள். முற்றுகையை உடைத்து அவர்கள் போகக்கூடியதாக இருந்த திசை கிழக்கு மட்டும்தான். கிழக்கே ஒமஹேக்கே, நீரில்லாத மணற்காடு. படை பின்னால் துரத்தியது, கிணறுகளில் காவல் போட்டது. ஒக்டோபர் 2ஆம் திகதி ட்ரோத்தா எழுத்தில் ஓர் ஆணை பிறப்பித்தார். எல்லைக்குள் காணப்படும் ஒவ்வொரு ஹெரேரோவும் ஆயுதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுடப்படுவான், பெண்களையும் குழந்தைகளையும் ஏற்கமாட்டேன் என்பது அதன் சாரம். வரலாற்றில் இப்படிப்பட்ட நோக்கம் கையெழுத்தோடு கிடைப்பது அரிது, பெரும்பாலும் அதை ஊகித்துத்தான் எழுதவேண்டியிருக்கும். டிசம்பரில் பேர்லின் அந்த ஆணையை விலக்கச் செய்தது. அதற்குப் பதிலாக முகாம்கள் வந்தன.

அதே 1904 ஒக்டோபரின் தொடக்கத்திலேயே தெற்கே நாமாக்களும் எழுந்தார்கள். அவர்களில் பெரியவர் ஹென்றிக் விட்போய். நமீபிய நோட்டுகள் பலவற்றில் அவருடைய முகம்தான், தொப்பியில் வெள்ளைத் துணி கட்டியிருக்கும். இந்த மனிதரைப் பற்றித் தனியாக ஒரு பேச்சு வேண்டும். 1890இலேயே, ஜேர்மன் பாதுகாப்பை ஏற்ற ஹெரேரோ தலைவருக்கு நீ உன் தலைமையையே கொடுத்துவிட்டாய் என்ற பொருளில் கடிதம் எழுதியவர். 1893இல் அவருடைய ஹோர்ன்கிரான்ஸ் குடியிருப்பை ஜேர்மன் படை விடியலில் தாக்கி, தூங்கிக்கொண்டிருந்த பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது. ஆனாலும் 1894இல் சரணடைந்து பத்து ஆண்டுகள் ஜேர்மன்காரருக்காகவே போரிட்டார். வாட்டர்பெர்க்கில்கூட ஜேர்மன் பக்கத்தில் விட்போயின் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னதும் அவர் எழுந்ததற்கு ஒரு காரணம் என்கிறார்கள். 1905 ஒக்டோபரில் காயம்பட்டு இறந்தபோது எழுபது வயதுக்கு மேல். அவருடைய கடிதங்கள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. ஆபிரிக்கர் ஒருவர் குடியேற்றக் காலத்தைத் தன் கையால் எழுதிவைத்த ஆவணம் வேறு எத்தனை இருக்கிறது?

இப்போது எங்கள் பயணத்துக்கு வருகிறேன். லூடெரிட்ஸுக்கு முன் அவ்ஸ் என்ற சிற்றூர். அங்கிருந்து கடற்கரைக்கு 125 கிலோமீற்றர், பாலைவனத்தின் நடுவே நேராகப் போகிற தார் வீதி. வழியில் காருப் என்ற இடத்தில் காட்டுக்குதிரைகள் நீர் குடிக்க வரும். முதல் உலகப்போர்க் காலத்துப் படைக் குதிரைகளின் வாரிசுகள் என்கிறார்கள். நாங்கள் அவற்றைப் பார்த்து நேரத்தைப் போக்கிவிட்டோம். வழியில் ஒரு ரயரும் போனது. லூடெரிட்ஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் கடலில்.

எங்களுக்குத் தங்குமிடம் சுறாத் தீவு. இணையத்தில் படம் பார்த்துப் பதிவுசெய்திருந்தோம்: வெளிச்சவீடு, பாறை, மூன்று பக்கமும் கடல், கூடாரம் அடிப்பதற்கான இடம். தீவு என்று பெயரே தவிர இப்போது நிலத்தோடு இணைத்துவிட்டார்கள். மனைவி கைபேசியில் அந்த இடத்தைப் பற்றி வாசித்துக்கொண்டே வந்தவர் வாயிலருகில் சொன்னார், "இஞ்சருங்கோ, இது முகாம் இருந்த இடமாம். இதிலை எப்பிடிப் படுக்கிறது?"

1905 முதல் 1907 ஏப்ரல் வரை அங்கே கைதிகள் முகாம் இருந்தது. முதலில் ஹெரேரோக்கள், பிறகு பெருமளவில் நாமாக்கள், ஆண், பெண், குழந்தை என்று எல்லோரும். வெப்பமான உள்நாட்டில் பிறந்தவர்களை அத்திலாந்திக்கின் குளிர் காற்றில், கந்தலும் சாக்கும் போர்த்தி, பாறையில் வைத்திருந்தார்கள். சமைக்க வழியில்லாத அரிசியும் மாவும் உணவு. அதனால் சொறிக்கரப்பான் போன்ற நோய். காலையில் துறைமுகத்துக்குக் கல் சுமக்கும் வேலை. அங்கே இறந்தவர் தொகை ஆயிரத்திலிருந்து மூவாயிரம் வரை மதிப்பிடப்படுகிறது. இறந்தவர்களில் கொர்னேலியஸ் ஃபிரெடெரிக்ஸ் என்ற பெத்தானித் தலைவரும் ஒருவர், 1907 பெப்ரவரியில். இருபத்துநாலு வருடத்துக்கு முன் இந்த விரிகுடாவை மைல் கணக்கில் ஏமாந்து விற்ற அதே பெத்தானி மக்கள். அவர்கள் விற்ற இடத்துக்கே அவர்களைக் கைதிகளாகக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இறந்தவர்களின் தலைகள் ஜேர்மன் ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்டன. கைதிப் பெண்களிடமே கண்ணாடித் துண்டைக் கொடுத்து மண்டையோட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். அவற்றில் சில 2011, 2014, 2018 ஆகிய ஆண்டுகளில் பெட்டிகளில் நாடு திரும்பின. 1908இல் இந்த நாட்டுக்கு வந்து கலப்பினத்தவரை அளந்து புத்தகம் எழுதிய ஒய்கன் ஃபிஷர் என்ற மருத்துவர், 1933இல் ஹிட்லர் ஆட்சியில் பேர்லின் பல்கலைக்கழகத்தின் தலைவரானார்.

அன்று இரவு நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்லத்தானே வேண்டும். அங்கேயே படுத்தோம். இருட்டிவிட்டது, இரவில் ஓடினால் காப்புறுதி இல்லை, பணம் கட்டியாகிவிட்டது, பிள்ளைகளுக்குப் பசி. இவை எல்லாம் நல்ல காரணங்கள். காற்று விடியும்வரை கூடாரத்தை அடித்தது, நான் தூங்கவில்லை. முள்ளிவாய்க்கால் கரையில் இன்னும் நூறு வருடத்தில் யாராவது குடும்பத்தோடு வந்து கூடாரம் அடித்துக் கோழி வாட்டினால் என் பேரப்பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்ற நினைப்பு வந்தது. அது வந்தபிறகு எப்படித் தூங்குவது? காலையில் நடந்து பார்த்தேன். கொர்னேலியஸுக்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது. லூடெரிட்ஸுக்கும் அங்கேயே நினைவுக் கல் இருக்கிறது. இரண்டுக்கும் பக்கத்தில் இறைச்சி வாட்டும் அடுப்புகள்.

அந்தக் கைதிகளைக் கொண்டுதான் லூடெரிட்ஸ்-அவ்ஸ் ரயில்பாதையும் போடப்பட்டது. முந்தின நாள் நாங்கள் சுகமாக ஓடிவந்த வீதிக்குப் பக்கத்தில் வருகிற பாதை அது. 1906 ஜனவரி முதல் 1907 யூன் வரை அந்த வேலையில் ஈடுபடுத்தப்பட்ட 2,014 கைதிகளில் 1,359 பேர் இறந்தார்கள். இது ஜேர்மன் நிர்வாகத்தின் சொந்தக் கணக்கு.

பாதை போட்டு முடிந்ததும் அடுத்த கதை. மணல் எப்போதும் தண்டவாளத்தை மூடும், அதை அள்ளிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். 1908 ஏப்ரலில் அப்படி அள்ளிக்கொண்டிருந்த சகரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி ஒரு கல்லைக் கண்டார். அவர் முன்பு தென்னாபிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் வேலை செய்தவர், பார்த்ததும் தெரிந்துவிட்டது. மேற்பார்வையாளர் ஓகஸ்ட் ஸ்டவ்கிடம் கொடுத்தார். ஆஸ்துமாவுக்கு உலர்ந்த காற்று நல்லது என்று அங்கே வந்திருந்த ஸ்டவ்க் கோடீஸ்வரரானார். லெவாலாவுக்குப் பரிசு எதுவும் கிடைத்ததாகப் பதிவில்லை. ஸ்டவ்க்கும் பொருளாதார மந்தத்தில் எல்லாவற்றையும் இழந்து 1947இல் ஜேர்மனியில் வறுமையில் இறந்தார் என்பது வேறு விடயம்.

அந்த வைரத்தால் எழுந்த ஊர்தான் கோல்மான்ஸ்கொப். மணல் நிரம்பிய அறைகளின் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மருத்துவமனை, நடனக்கூடம், பனிக்கட்டித் தொழிற்சாலை எல்லாம் பாலைவனத்தின் நடுவே இருந்தன. தெற்கே ஒறேஞ்ச் ஆற்று முகத்தில் பெரிய வைரங்கள் கிடைத்ததும் மக்கள் போய்விட்டார்கள், 1956இல் ஊர் முற்றாகக் கைவிடப்பட்டது. நாங்களும் படம் எடுத்தோம். அதே 1908இல் கரையிலிருந்து 100 கிலோமீற்றர் உள்ளே வரை, ஆறு வரை, தடைசெய்யப்பட்ட பிரதேசம் என்று அறிவித்தார்கள். நூறு வருடம் மனிதர் கால்படாமல் இருந்ததால் அது இப்போது அருமையான இயற்கைப் பூங்கா என்று கையேடு மகிழ்கிறது.

சொசுஸ்ஃப்ளேய் மணற்குன்றுகளைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. விடியலில் போங்கள், செருப்பில் மணல் போகும், வாழ்க்கையில் ஒரு முறை பார்க்கவேண்டியது. ஸ்வாகொப்முண்டும் அழகான ஊர், ஜேர்மன் கேக் கிடைக்கும். வால்விஸ் குடா பிரித்தானியர் கையில் இருந்ததால் 1892இல் ஜேர்மன்காரர் தமக்கென்று உருவாக்கிய துறை அது. நகரச் சவச்சாலையின் சுவருக்கு அப்பால் பாலைவனத்தில் சிறு சிறு மண்மேடுகள் வரிசையாகத் தெரியும், பெயரில்லாமல். அங்கேயும் முகாம் இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் பளிங்குக் கல்லறைகள்.

எட்டோசாவைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 4,800 சதுர கிலோமீற்றர் உப்புப் படுகை, வெள்ளை வெளேரென்று. அதன் விளிம்பில் ஊற்றுகள், ஊற்றில் யானை, வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி. ஒகவ்குவெயோ விடுதியின் வெளிச்சமிட்ட நீர்நிலையில் இரவு பதினொரு மணிக்கு மூன்று கறுப்புக் காண்டாமிருகங்கள் வந்தன. நாற்பது பேர் மதில் பக்கம் உட்கார்ந்திருந்தோம், ஒருவர்கூட இருமவில்லை.

இந்தக் காப்பகத்தை அறிவித்தவர் ஆளுநர் ஃபிரெட்றிக் ஃபொன் லிண்டெகுவிஸ்ட், 1907 மார்ச் 22ஆம் திகதி. ஆரம்பத்தில் அதன் பரப்பு ஒரு இலட்சம் சதுர கிலோமீற்றரை நெருங்கியது. அவரை இயற்கைப் பாதுகாப்பின் முன்னோடி என்று பாராட்டுகிறார்கள். திகதியைக் கவனியுங்கள். அதே மார்ச்சில் சுறாத் தீவு முகாம் இன்னும் மூடப்படவில்லை, கொர்னேலியஸ் இறந்து ஒரு மாதம்தான். அதே ஆண்டு ஓகஸ்டில் ஜேர்மன் நிர்வாகம் கொண்டுவந்த சட்டம்: ஏழு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஆபிரிக்கரும் உலோக இலக்கத் தகடு அணியவேண்டும், ஆளுநரின் அனுமதியில்லாமல் நிலமோ மாடோ வைத்திருக்கக்கூடாது. ஹெரேரோவும் நாமாவும் ஏற்கனவே நிலம் பறிக்கப்பட்டவர்கள். மானுக்குக் காப்பகம் அறிவித்த அதே ஆண்டில் மனிதருக்குத் தகடு. அவர்கள் மனதில் இவை இரண்டும் முரணாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். இரண்டுமே ஆட்களையும் விலங்குகளையும் எண்ணி, எல்லை போட்டு வைப்பதுதான்.

அந்தப் படுகையைச் சுற்றி வாழ்ந்தவர்கள் ஹாயோம் மக்கள், சான் இனத்தின் ஒரு பிரிவு. காப்பகம் வந்த பிறகும் உள்ளே வேட்டையாடி வாழ அவர்களை விட்டுவைத்தார்கள், அவர்களையும் அந்தக் காட்சியின் ஒரு பகுதியாக எண்ணினார்கள் போலும். 1954இல் தென்னாபிரிக்க நிர்வாகம் வெளியேறச் சொன்னது. சிலர் பூங்காவிலேயே கூலிகளாக ஆனார்கள், மற்றவர்கள் சுற்றியுள்ள பண்ணைகளில். ஊற்றுகளின் பெயர்கள் பல இன்றும் அவர்கள் மொழிப் பெயர்கள். 2015இல் தம் முன்னோர் நிலத்துக்காக வழக்குப் போட்டார்கள். அந்தக் குழுவின் சார்பில் வழக்காடும் தகுதி மனுதாரருக்கு இல்லை என்று 2019இல் உயர் நீதிமன்றம் சொன்னது, 2022இல் மேன்முறையீடும் தள்ளுபடியானது. 2022 செப்டெம்பரில் நமீபியாவிலிருந்து எட்டுச் சிறுத்தைகள் விமானத்தில் இந்தியாவின் கூனோவுக்குப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். கூனோவிலும் அந்தக் காட்டுக்காக முன்பே 24 கிராமங்களை அகற்றியிருந்தார்கள்.

எட்டோசாவின் கிழக்கு வாயிலுக்குப் பெயர் ஃபொன் லிண்டெகுவிஸ்ட். வடக்கு வாயிலுக்குப் பெயர் அரசர் நெஹாலே. 1904 ஜனவரி 28ஆம் திகதி நமுத்தோனிக் கோட்டையைத் தாக்கிய ஒண்டோங்கா அரசர் அவர். கோட்டையில் ஏழு ஜேர்மன்காரர் இருந்தார்கள், இரவில் தப்பிப் போனார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கல்லில் இருக்கின்றன. தாக்குதலில் இறந்த ஒண்டோங்கா வீரர்களின் பெயர்கள் கல்லில் இல்லை. இப்போது வடக்கிலிருந்து வருகிறவர்கள் நெஹாலே வழியாக நுழைந்து லிண்டெகுவிஸ்ட் வழியாக வெளியேறலாம்.

1915இல் தென்னாபிரிக்கப் படை ஜேர்மன்காரரைத் தோற்கடித்தது. பிரித்தானியர் 1918இல் ஜேர்மன் கொடுமைகளைச் சாட்சியங்களோடு தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள், நீலப் புத்தகம் என்பார்கள். ஜேர்மனியிடமிருந்து நாட்டைப் பறிப்பதற்கு அது பயன்பட்டது. பறித்தாயிற்று. பிறகு இங்கே இருக்கிற ஜேர்மன் குடியேறிகளோடு சமாதானமாக வாழவேண்டும் அல்லவா? 1926இல் அந்த அறிக்கையின் பிரதிகளை அழிக்க உத்தரவு போட்டார்கள். கொலையை நேரில் கண்டவர்கள் சத்தியம் செய்து சொன்ன வாக்குமூலங்கள் அவை. நல்லவேளை, எல்லாப் பிரதியும் அகப்படவில்லை. பிறகு நிறவெறி, கெரில்லாப் போர், 1990 மார்ச் 21இல் விடுதலை. அந்த மாற்றத்தை மேற்பார்வை செய்த ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கியவர் இந்தியத் தளபதி பிரேம் சந்த்.

ஜேர்மனி "இனப்படுகொலை" என்ற சொல்லை அதிகாரபூர்வமாகச் சொன்னது 2021 மே 28ஆம் திகதி. முப்பது ஆண்டுகளில் 110 கோடி யூரோ அபிவிருத்தி உதவி தருவதாகவும் சொன்னது. அந்தக் கூட்டறிக்கையின் வாசகம் முக்கியம்: இன்றைய கண்ணோட்டத்தில் இனப்படுகொலை. அதாவது அன்றைய சட்டப்படி அது குற்றமா என்ற கேள்வியைத் திறக்காமலே தாண்டிப் போகிறார்கள். நட்டஈடு என்ற சொல்லும் இல்லை. ஹெரேரோ, நாமா அமைப்புகள் பல இதை ஏற்கவில்லை. எங்களைப் பற்றிப் பேசினீர்கள், எங்களோடு பேசவில்லை என்பது அவர்கள் குற்றச்சாட்டு. 1904இல் ஹெரேரோக்கள் சுமார் 80,000 பேர் இருந்திருப்பார்கள் என்பது வழமையான மதிப்பீடு, போரின் முடிவில் எஞ்சியவர்கள் 15,000 முதல் 20,000 வரை. நாமாக்களில் பாதிப் பேர். வாக்காளர் தொகையில் இன்று அவர்கள் சிறுபான்மை, வடக்குப் பெரும்பான்மையின் அரசாங்கம்தான் பேர்லினோடு பேசுகிறது. இந்த இடம் நமக்கு விளக்கத் தேவையில்லாத இடம். 2025 மே 28ஆம் திகதி முதல் தடவையாக இனப்படுகொலை நினைவு நாள் அரச விடுமுறையாக அனுசரிக்கப்பட்டது. முகாம்களை மூடும்படி 1907இல் உத்தரவு வந்த நாள் அது.

கடைசி இரண்டு இரவுகள் வாட்டர்பெர்க்கில். சிவந்த மணற்கல் மலை, அடிவாரத்தில் ஊற்று, குரங்குகள் வந்து பாணைத் தூக்கிக்கொண்டு போகும். நடந்துபோகும் தூரத்தில் ஜேர்மன் வீரர்களின் கல்லறைகள், பெயர், பதவி, திகதியோடு, துப்புரவாக. அங்கிருந்து கிழக்கே பார்த்தால் புதர்க்காடு தட்டையாக வானம்வரை போகிறது. அதுதான் ஒமஹேக்கேயின் பக்கம். என் மகள் நீண்டநேரம் பார்த்துவிட்டு அங்கே ஒன்றுமில்லை என்றாள்.

விந்தோக்குக்குத் திரும்பும்போது ஒக்கஹான்ஜா வழியாக வந்தோம், தலைநகருக்கு எழுபது கிலோமீற்றர் இருக்கும்போது வருகிற ஊர். சாமுவேல் மஹரேரோ அந்த மணற்காட்டைக் கடந்து தப்பிப் போய், இன்றைய பொட்ஸ்வானாவில் 1923இல் இறந்தார். உடலை ரயிலில் கொண்டுவந்து அவ்வாண்டு ஓகஸ்ட் 23ஆம் திகதி இந்த ஊரில் தந்தையின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். 1904க்குப் பின் சிதறிப்போன ஹெரேரோக்கள் பெருங்கூட்டமாக ஒன்றுசேர்ந்தது அன்றுதான். இப்போதும் ஒவ்வொரு ஓகஸ்டிலும் கூடுகிறார்கள். பெண்கள் மிஷனரிகளின் மனைவிமார் அணிந்த அந்தக் காலத்து நீண்ட பாவாடை, தலையில் மாட்டுக் கொம்பு வடிவில் துணி. ஆண்கள் ஜேர்மன் படையின் சீருடையைப் போன்ற உடுப்பில் அணிவகுப்பார்கள். செத்த எதிரியின் உடுப்பைப் போட்டால் அவனுடைய பலம் வரும் என்பது ஒரு விளக்கம். நாங்கள் போனது யூனில், கல்லறைப் பக்கம் யாரும் இல்லை. வாகனத்தை மாலை நான்கு மணிக்குள் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை.

கேள்விகளுக்கு வரலாம்.